வண்டலூரில் ஐந்து உயிர்கள், ஒரு பகல்

சென்ற ஜனவரி மாத இறுதியில், மகளின் பள்ளியில் ஆண்டு விழா முடிந்த மறுநாளுக்கு விடுமுறை அறிவித்தபோது, அந்த வியாழக்கிழமையை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கென்று ஒதுக்கிவிட்டேன். போகிறவர்கள் மூவர்: எழுபதைத் தாண்டிய என் அம்மா, ஏழு வயது மகள், நான். அம்மாவுக்கு முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. மகளுக்கோ ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நிற்கப் பொறுமை கிடையாது. இந்த இருவரையும் அழைத்துக்கொண்டு 602 ஹெக்டேர் பரப்புள்ள ஓர் இடத்தில் அலுப்பில்லாமல் ஒரு பகலைக் கழிக்க வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்தாக வேண்டும் என்பதை மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்வந்த அனுபவம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அந்த முறை மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போயிருந்தோம். உள்ளே நுழையும்போது மணி பதினொன்றரை. கொடுத்த நுழைவுக் கட்டணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் இருவரையும் விரட்டினேன். வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. ஒவ்வோர் அடைப்பின் முன்னும் நான்கைந்து வரிசையாக மக்கள் நின்றார்கள். தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்து, ‘பார்த்தாயிற்று, வா’ என்று அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். புலியின் முதுகு மட்டும் ஒரு புதருக்கு அப்பால் தெரிந்தது. இரண்டு மணிக்குள் அம்மாவின் பாதங்கள் வீங்கிவிட்டன. மகள் அழத் தொடங்கினாள். வீடு திரும்பிய பிறகு என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, ‘ஐஸ்கிரீம் வண்டி’ என்று அவள் சொன்னது இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. முப்பது அடைப்புகளையாவது கடந்திருப்போம். ஓர் உயிரைக்கூட நாங்கள் உண்மையில் பார்த்திருக்கவில்லை.

ஆகவே இம்முறை ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஐந்தே இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது இருபது நிமிடம், மற்றவை கண்ணில் பட்டால் சரி, படாவிட்டால் இன்னொரு நாள். முந்தைய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளில் மூவருமாகப் பட்டியல் எழுதினோம். மகள் முதலையையும் புலியையும் கேட்டாள். அம்மா, ஏரியில் வந்து இறங்கும் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குச் சிங்கவால் குரங்கும் காட்டுமாடும் வேண்டியிருந்தன. சிங்கத்தையும் சேர்க்கச் சொல்லி மகள் கொஞ்ச நேரம் அடம்பிடித்தாள். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை கூடப் படுத்தே கிடக்கும் என்று சொன்னதும் அரைமனத்தோடு விட்டுக்கொடுத்தாள்.

அம்மாவுக்கு இந்தப் பூங்கா வேறொரு பெயரில்தான் அறிமுகம். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர் அவர். சிறுமியாக இருந்த காலத்தில் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, மூர் மார்க்கெட்டுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பின்னால் இருந்த பழைய விலங்குக் காட்சிசாலைக்கு அவருடைய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்நாளைய சென்னைவாசிகள் அதை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். இந்த இரண்டு காலேஜ்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர், அங்கே உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் வைத்தபோது மக்கள் திரண்டு வருவதைக் கண்டு, கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்று 1855இல் அந்த வளாகத்திலேயே தொடங்கியதுதான் சென்னை விலங்குக் காட்சிசாலை. இந்தியாவில் பொதுமக்களுக்கென்று திறக்கப்பட்ட முதல் விலங்குக் காட்சிசாலை அதுவே. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறி, நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்தது. நகரம் நெருக்கியதாலும் வண்டிகளின் இரைச்சலாலும் புகையாலும் விலங்குகள் அங்கே வாழ முடியாது என்றான பிறகு, வண்டலூர்க் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கி, 1985 ஜூலையில் அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார்.

பழைய இடத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டால் அவர் முதலில் சொல்வது நாற்றத்தையும் இரும்புக் கம்பியையும்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நாலடி வைத்துத் திரும்பி, மறுபடி நாலடி வைத்துத் திரும்பிக்கொண்டே இருந்த ஒரு சிறுத்தையை அவர் அறுபது ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார். வண்டலூரில் பெரிய விலங்குகளுக்கும் நமக்கும் இடையே பெரும்பாலும் கம்பி கிடையாது, அகழிதான் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அகழி எளிதில் புலப்படாதபடி புல்லும் புதரும் மறைத்திருக்க, விலங்கு காட்டுக்குள்ளேயே நிற்பது போலத் தோன்றும். இந்த அமைப்பில் பார்வையாளருக்கு ஒரு சிரமம் உண்டு. விலங்குக்கு மறைந்துகொள்ள இடம் இருக்கிறது. ஆகவே அது நம் கண்ணில் படக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்கள் ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு போவதை அன்று பலமுறை கேட்டேன். எனக்கோ அந்த மறைவிடங்கள்தாம் இந்தப் பூங்காவில் மிகவும் பிடித்த விஷயம்.

இனி நாளும் நேரமும். பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிளம்புவதற்கு முன் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறுகளையும் பள்ளி விடுமுறைகளையும் தவிர்ப்பது நல்லது. காணும் பொங்கலன்று மட்டும் எக்காரணம் கொண்டும் குழந்தையோடும் முதியவரோடும் போகாதீர்கள். சென்னையும் சுற்றுப்புறமும் திரண்டு வரும் நாள் அது. மாதங்களில் எனக்கு ஜனவரியும் பிப்ரவரியின் முதற்பாதியும் உகந்தவையாகப் படுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும். ஏரியில் தண்ணீர் இருக்கும். வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. நிழலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் இந்தப் பூங்காவின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அதற்குப் பிறகு நட்டவையும் தாமாக முளைத்தவையும் வளர்ந்து வந்திருந்தாலும், சில பாதைகளில் நண்பகலில் தலைக்கு மேல் வெயில்தான். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே அங்கே நின்றுவிட்டால், முதல் இரண்டு மணி நேரமே அன்றைய நாளின் பாதிப் பயனைத் தந்துவிடும். அப்போது வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை, விலங்குகளும் நடமாட்டத்தில் இருக்கும்.

குரோம்பேட்டையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறினோம். தாம்பரம், பெருங்களத்தூர், அடுத்தது வண்டலூர். அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் நகரத்தை நோக்கிப் போகும். எதிர்த்திசையில் செல்லும் வண்டியில் அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கையே கிடைத்தது. வெளியூர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது கிளாம்பாக்கம் பேருந்து முனையம் மிக அருகில் வந்துவிட்டதால், அங்கே இறங்கியும் எளிதாக வந்துவிடலாம். வண்டலூர் நிலையத்திலிருந்து நடக்கக் கூடிய தூரம்தான் என்றாலும், அம்மாவின் முழங்காலை அங்கேயே செலவழித்துவிடக் கூடாது என்று ஆட்டோ வைத்துக்கொண்டோம். நுழைவுச்சீட்டை முதல் நாளே இணையத்தில் எடுத்திருந்தேன்.

கையில் எடுத்துச் சென்றவை மிகவும் குறைவு. எவர்சில்வர் பாட்டில்கள் இரண்டு, அம்மாவின் மாத்திரைகள், சர்க்கரை சட்டென்று இறங்கினால் கொடுக்க ஒரு சிறிய சம்படத்தில் கடலை மிட்டாய், மகளுக்குத் தொப்பி, ஒரு மெல்லிய துண்டு, அப்பாவின் பழைய பைனாகுலர். பிளாஸ்டிக் பைகளுக்கு உள்ளே இடமில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டியிருந்தேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தப் பூங்காவில் அடைப்புக்கு வெளியே, தங்கள் இஷ்டப்படி திரியும் நாட்டுக்குரங்குகள் இருக்கின்றன. திறந்த பையையும் கையில் இருக்கும் தின்பண்டத்தையும் அவை நன்றாக அடையாளம் காணும். காலை உணவை வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியது மிகவும் உதவியது. அம்மாவின் காலில் விசேஷ நாளுக்கென்று வைத்திருந்த செருப்பைக் கழற்றச் சொல்லி, தினமும் காய்கறிக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் பழகிய செருப்பையே போடச் சொன்னேன்.

உள்ளே போனதும் முதல் வேலையாகப் பேட்டரி வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தோம். களைத்த பிறகு ஏறுவதற்கென்று பலர் அதை மாலைக்கு ஒத்திவைக்கிறார்கள். நான் முதலில் ஏறுவதையே சிபாரிசு செய்வேன். வண்டி முக்கியமான இடங்களில் சில நிமிடங்கள் நின்று நின்று போகும். அந்த ஒரே சுற்றில் யானை, நீர்யானை, சிங்கம் எல்லாம் மகளின் கண்ணில் பட்டுவிட்டன. எதையோ இழந்துவிட்டோம் என்ற ஏக்கம் அதன்பிறகு அவளுக்கு இருக்கவில்லை. எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் இடையே எவ்வளவு நடை, எங்கே உட்கார மேடை இருக்கிறது, எங்கே கழிப்பறை இருக்கிறது என்பதையும் அம்மா வண்டியில் இருந்தபடியே மனத்தில் குறித்துக்கொண்டார்.

முதலில் சிங்கவால் குரங்கு. கறுத்த உடல், முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பிடரிமயிர், வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர் இது. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் சோலைத்துண்டுகளில் இவை வாழ்கின்றன. காடு துண்டுபட்டுப்போனதால் மரத்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டிய நிலை அவற்றுக்கு வந்திருக்கிறது. இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அவள் கவனம் முழுவதும் ஒரே ஒரு குரங்கின் கன்னத்தில் இருந்தது.

அந்தக் குரங்கு ஒரு கிளையின் கவட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. அதன் இடது கன்னம் கழுத்துவரை எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. முதலில் ஏதோ கட்டி என்று அம்மா இரக்கப்பட்டார். சற்று நேரத்தில் அது புறங்கையைக் கன்னத்தின் வெளிப்பக்கம் வைத்து மெல்ல மேல்நோக்கி அழுத்தியது, உள்ளேயிருந்த ஏதோ ஒன்று வாய்க்கு வந்தது, மென்றது. மறுபடி அழுத்தியது. இந்த வகைக் குரங்குகளுக்குக் கன்னத்துக்குள் பை உண்டு. கிடைத்ததை அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு, பத்திரமான இடத்துக்குப் போய் நிதானமாகத் தின்னும். கன்னம் முழுதும் வற்றும்வரை மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அது ஒரு காய்ந்த இலையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, முகர்ந்து, நகத்தால் எதையோ கிள்ளி எடுத்துத் தின்றுவிட்டு இலையைப் போட்டது. “ஆயா, அது வீட்டுப்பாடம் பாக்குற மாதிரியே பாக்குது” என்றாள். அங்கே முப்பத்தைந்து நிமிடம் இருந்தோம். அந்நேரத்தில் எங்களைத் தாண்டிப் போன கூட்டங்கள் பல. அதிக நேரம் நின்றவர்கள் இரண்டு நிமிடம் நின்றிருப்பார்கள்.

காட்டுமாட்டைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. எல்லோரும் அதைக் காட்டெருமை என்றே சொல்கிறார்கள். அது எருமையின் இனம் இல்லை, நம் வீட்டு மாட்டின் சொந்தம். சங்கப் பாடல்களில் வரும் ஆமான் என்ற அழகான பழஞ்சொல் இதையே குறிக்கிறது என்பார்கள். அன்று ஒரு காளை நிழலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. வளர்ந்த காளை ஒன்று ஏறக்குறைய ஆயிரம் கிலோ வரைகூட எடையிருக்கும். அத்தனை பெரிய உடலுக்குக் கீழே நான்கு கால்களும் முழங்காலுக்குக் கீழ் வெள்ளைக் காலுறை மாட்டியது போல இருக்கும். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் தெருவிலேயே இவற்றைப் பார்த்திருக்கிறேன் என்றாலும், பயமில்லாமல் நிதானமாகப் பார்க்க இங்கேதான் முடிந்தது. அம்மா அதன் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈ உட்காரும்போது அந்த ஒரு இடத்துத் தோல் மட்டும் சிலிர்ப்பதை, பெரம்பூரில் தங்கள் வீட்டில் இருந்த பசுவிடமும் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

முதலைகளின் இடத்தில்தான் எனக்கு மனம் வருந்த நேர்ந்தது. சதுப்புநில முதலை ஒன்று கரையில் வாயை அகலத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. ‘இது பொம்மை’ என்றார் ஒருவர். அவர் பையன் அதைச் சோதித்துப் பார்க்கக் கல்லை எடுத்தான். என் மகள் என்னை முந்திக்கொண்டு, “போடாத, அதுக்கு வலிக்கும்” என்று உரக்கச் சொல்லிவிட்டாள். பையன் கல்லைக் கீழே போட்டான். தகப்பனார் ஒன்றும் பேசாமல் அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவதும் கல்லெறிவதும் உணவு போடுவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், முதலை ஏன் அசையாமல் கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் யாருக்கும் கல்லெறியத் தோன்றாது என்று நம்புகிறேன். அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வது இல்லை. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்கிறது. சூடு மிகும்போது வாயைத் திறந்து ஆற்றிக்கொள்கிறது. பிறகு தண்ணீருக்குள் இறங்குகிறது. சும்மா கிடப்பதாக நமக்குத் தோன்றும் நேரம் முழுவதும் அது செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான். அதன் தொண்டைக்கு உட்புறம் தோல் மெல்லத் துடிப்பதைப் பைனாகுலரில் மகளுக்குக் காட்டினேன். இருபது நிமிடம் கழித்து அது தண்ணீருக்குள் சரிந்தபோது, மூக்கும் கண்ணும் மட்டும் மேலே தெரிய, மற்ற உடல் எங்கே போயிற்று என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு உள்ளிருக்கும் உணவகத்துக்குப் போனோம். ஒரு மணி ஆனால் அங்கே இடம் கிடைப்பது சிரமம். அம்மா மாத்திரை போட்ட பிறகு சாப்பாட்டுக்குக் காக்கவும் கூடாது. சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எங்கும் போகவில்லை. மரத்தடி மேடையில் துண்டை விரித்து மகளைப் படுக்க வைத்தேன். அம்மா காலை நீட்டி உட்கார்ந்தார். உச்சிவெயிலில் விலங்குகளே ஓய்வெடுக்கும்போது நாம் மட்டும் ஏன் நடக்க வேண்டும்? திட்டமிடும்போது பலரும் மறந்துவிடுவது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். முன்பு வந்தபோது மகள் அழத் தொடங்கியது சரியாக இதே நேரத்தில்.

புலியிடம் இரண்டரை மணிக்குப் போனோம். வெள்ளைப்புலியின் பக்கம் கூட்டம் அதிகம். மகளும் அங்கேதான் ஓடினாள். அது தனி இனமா என்று கேட்டாள். இல்லை, சாதாரணப் புலிதான். மிக அரிதாகத் தாய் தகப்பன் இரண்டிடமும் மறைந்திருக்கும் ஒரு மரபணு ஒன்றுசேர்ந்தால் குட்டி இந்த நிறத்தில் பிறக்கும் என்று சொன்னேன். 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா பகுதிக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வழியில் வந்தவைதாம் விலங்குக் காட்சிசாலைகளில் இன்று நாம் காணும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை. நிறத்தைக் காப்பாற்றுவதற்காக நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைசேர்த்ததால் மாறுகண், முதுகெலும்புக் கோளாறு போன்றவை இந்த வழியில் அடிக்கடி வந்தன. இதைக் குழந்தையிடம் சொல்லலாமா என்று சற்றுத் தயங்கினேன். ஆனால் அழகைப் பார்த்துக் கைதட்டும் வயதிலேயே அதற்குப் பின்னால் உள்ளதும் தெரிந்திருப்பது நல்லது என்று பட்டது.

நாங்கள் அதிக நேரம் நின்றது மஞ்சள்புலியின் முன்னால்தான். இந்த முறையும் அது எங்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஆனால் இம்முறை எங்களிடம் நேரம் இருந்தது. இரண்டு காதுகளின் பின்புறத்திலும் கறுப்புக்கு நடுவே வெண்ணிறப் பொட்டு ஒவ்வொன்று இருப்பதை முதலில் பார்த்தவர் அம்மா. “பின்னாடியும் கண்ணு வெச்சிருக்கு பாரு கண்ணு” என்று பேத்திக்குக் காட்டினார். பார்வையாளர் யாரோ விசிலடித்தபோது தலை திரும்பவில்லை. அந்தக் காதுகளில் ஒன்று மட்டும் ஓசை வந்த பக்கம் திரும்பி, மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. ஏறத்தாழ அரைமணி கழித்து அது எழுந்து, முன்கால்களை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, அகழியின் ஓரமாக நடந்து போய்த் தண்ணீர் குடித்தது. நாக்கு தண்ணீரைத் தொடும் ஓசைகூட எங்களுக்குக் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பழைய சிறுத்தையைப் பற்றி அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஓட்டேரி ஏரி. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் இந்த ஏரியில் உள்ள பறவைகள் யாராலும் அடைத்து வைக்கப்பட்டவை இல்லை. தாமாக வருகின்றன, தாமாகப் போகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டு பறவையே இல்லாமலும் போவதுண்டு. இந்த ஆண்டு தண்ணீர் இருந்தது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அரிவாள் மூக்கன்கள் சேற்றைக் கிளறின. வக்காக்கள் பகல் முழுதும் தூங்கிவிட்டு மாலையில் இரைக்குப் புறப்படுகிறவை. தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு புதரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நத்தைகுத்தி நாரை ஒன்றைப் பைனாகுலரில் பிடித்து அம்மாவிடம் கொடுத்தேன். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அலகின் அந்த அமைப்பு நத்தையைப் பிடித்துச் சதையை உருவி எடுப்பதற்குத் தோதானது. அம்மாவின் கை நடுங்கியதால் முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் முன்னால் வந்து நின்று, பைனாகுலரைத் தன் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அப்படி வைத்துப் பார்த்த பிறகு சந்து தெரிந்தது, சந்துக்கு அப்பால் ஆகாயமும் தெரிந்தது என்றார் அம்மா.

நான்கு மணிக்கு எழுந்துகொண்டோம். ஐந்து மணிக்குப் பூங்கா மூடும்வரை இருந்தால் வாசலில் ஆட்டோவுக்கும், ரயிலில் இருக்கைக்கும் போட்டி. அதைத் தவிர்ப்பதும் திட்டத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது. வரும் வழியில் பாம்புகளின் இல்லமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் பறவைகளின் பெரிய கூண்டும் இருப்பதைக் காட்டும் பலகைகளைக் கடந்தோம். மகள் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தாளே தவிர, உள்ளே போக வேண்டும் என்று கேட்கவில்லை. வண்டலூர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், வீக்கம் இல்லை.

அந்தத் தாளை மகள் தன் நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். ஐந்து பெயர்களுக்கும் எதிரே சரி என்று குறியிட்டு, கீழே அடுத்த ஐந்துக்கு இடம்விட்டுக் கோடு போட்டிருக்கிறாள். முதல் இடத்தில் மறுபடியும் சிங்கவால் குரங்கு இருக்கிறது.